வெளிவராத கட்டுரை

அன்புள்ள ஐயா,

பழைய புத்தகக் கடையில் ‘என்கவுண்டர்’ என்ற லண்டன் மாத இதழின் பன்னிரண்டு பிரதிகள் கிடைத்தன. எல்லாம் 1950களில் வந்தவை. அருமையான எழுத்து. அதற்கு சி.ஐ.ஏ. பணம் கொடுத்தது என்று பிறகுதான் தெரிந்தது. இனி அவற்றைப் படிக்கலாமா? ஆசிரியர் ஸ்டீபன் ஸ்பெண்டருக்கு விஷயம் தெரியுமா? அமெரிக்காவும் பிரிட்டனும் நட்பு நாடுகள்தானே, இதில் பிரச்சாரம் எங்கே வந்தது?

கே.

அன்புள்ள கே.,

தாராளமாகப் படியுங்கள். நல்ல எழுத்தைக் கண்டதும் மகிழ்கிற மனம் உங்களுக்கு இருக்கிறது, அதைத் தொலைத்துவிடாதீர்கள். ஸ்பெண்டருக்குத் தெரியுமா என்பது அவர் மனசாட்சி சம்பந்தப்பட்டது. 1967இல் விலகினார், அவ்வளவு போதும்.

ஆனால் “நட்பு நாடுகள்தானே” என்று எப்படி எழுதினீர்கள்? கொஞ்சம் யோசித்திருக்க வேண்டாமா? ரஷ்யனை மாற்ற லண்டனில் ஆங்கில இதழ் எதற்கு? குறி வைத்ததே நண்பனைத்தான். அமெரிக்கா, ரஷ்யா இரண்டையும் ஒரே தூரத்தில் வைத்துப் பார்த்த பிரிட்டிஷ் அறிவுஜீவிகள் அன்று ஏராளம். 1953 ஜூனில், ரஷ்யாவுக்கு அணுகுண்டு ரகசியம் கொடுத்ததாகச் சொல்லி அமெரிக்கா ரோசன்பர்க் தம்பதியை மின்நாற்காலியில் கொன்றபோது ஐரோப்பா கொதித்தது. அக்டோபரில் வந்த ‘என்கவுண்டர்’ முதல் இதழிலேயே அமெரிக்க விமர்சகர் லெஸ்லி ஃபீட்லரின் கட்டுரை: தம்பதி குற்றவாளிகள்தான், அவர்களைத் தியாகிகளாக்கும் இடதுசாரிகளின் உணர்ச்சிதான் பொய் என்று. யாரை நோக்கிய பேச்சு அது?

பணம் வந்த வழியையும் பாருங்கள். இலக்கிய மாத இதழுக்குச் சந்தாவும் கடை விற்பனையும் கட்டுப்படியாகாது. காகிதம், அச்சுக்கூலி, சன்மானம், வாடகை என்று மாதாமாதம் துண்டு விழும். சி.ஐ.ஏ. பணம் முதலில் ஃபார்ஃபீல்ட் அறக்கட்டளைக்குப் போகும். தலைவர் ஜூலியஸ் ஃபிளைஷ்மன் பெரும் செல்வந்தர், கலைப் புரவலர். அவர் கொடுத்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அங்கிருந்து பாரிஸில் இருந்த ‘பண்பாட்டுச் சுதந்திரத்துக்கான காங்கிரஸ்’ அமைப்புக்கு. அதை நடத்திய மைக்கேல் ஜோசல்சன் சி.ஐ.ஏ. ஆள். பிறகு லண்டன். வந்து சேரும்போது அது நன்கொடை. பிரிட்டிஷ் அரசின் ரகசியப் பணமும் கொஞ்சம் சேர்ந்தது. இதே காங்கிரஸின் குடையின் கீழ்தான் பாரிஸில் ‘ப்ரூவ்’ இதழ் வந்தது. பம்பாயில் 1955இல் நிஸிம் எஸிகியல் தொடங்கிய ‘க்வெஸ்ட்’டும் அப்படித்தான்.

இந்த இதழில் எழுதியவர்களுக்கு யாரும் வாசகம் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சரியான ஆசிரியரை உட்கார வைத்து, வருஷா வருஷம் விழுகிற துண்டை அடைத்தால் போதும். எது கூடாது என்பது அவருக்கே தெரிந்துவிடும். எழுத்தாளர் நான்சி மிட்ஃபோர்ட் ஆங்கிலப் பிரபுக்களின் பேச்சைக் கிண்டல் செய்யலாம், பிரிட்டனை யாரும் திட்டலாம். 1958இல் ட்வைட் மெக்டொனால்டு ‘அமெரிக்கா! அமெரிக்கா!’ என்று தன் நாட்டு வாழ்க்கையின் முரட்டுத்தனத்தைச் சாடி எழுதினார். அவர் வெளியாள் இல்லை, அதே இதழில் வேலை பார்த்தவர். கட்டுரையை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு வேண்டாம் என்றார்கள். அது நியூயார்க்கின் ‘டிஸ்ஸென்ட்’ இதழில் வந்தது. அமெரிக்காவில் அச்சேற முடிந்த அமெரிக்க விமர்சனம், அந்த லண்டன் இதழில் அச்சேற முடியவில்லை! உங்கள் பன்னிரண்டு பிரதிகளையும் எத்தனை முறை புரட்டினாலும் இந்த இல்லாமை கண்ணில் படாது. வந்த பக்கங்கள் அவ்வளவு நன்றாக இருப்பதால்தான் வராத பக்கத்தைத் தேட யாருக்கும் தோன்றவில்லை. 1966இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதும்வரை பதின்மூன்று வருஷம் பணம் வந்த வழி ரகசியமாகவே இருந்தது.

ஆகவே இப்படிப் படியுங்கள். ஒவ்வொரு இதழின் தேதியையும் ஒரு தாளில் எழுதி, அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் அமெரிக்கா வெளிநாடுகளில் என்ன செய்தது என்று பக்கத்தில் குறியுங்கள். கவிதை, கதை, நூல் மதிப்புரையை ஒதுக்கிவிட்டு அரசியல் பக்கங்களின் தலைப்புகளை மட்டும் எதிரே எழுதுங்கள். அதே மாதத்து ‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ என்ற பிரிட்டிஷ் இடதுசாரி வார இதழ் ஏதாவது நூலகத்தில் கிடைத்தால் ஒப்பிடுங்கள். 1954 ஜூனில் குவாத்தமாலாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசை சி.ஐ.ஏ. கவிழ்த்தது. உங்களிடம் அந்த வருஷத்து ஆகஸ்ட், செப்டம்பர் பிரதிகள் இருந்தால் அவற்றிலிருந்தே தொடங்குங்கள். உள்ளடக்கப் பக்கத்தை எனக்கும் படமெடுத்து அனுப்புங்கள்.