சீருடை அணிந்தால் சைபர் திறன் மழுங்கிவிடுமா?

ராணுவக் கட்டுப்பாட்டுக்குள் சைபர் திறன் மழுங்கிவிடும், எனவே கணினி வலையமைப்புகளைக் காக்கும், தாக்கும் பொறுப்பைத் தனியார் நிபுணர்களிடமே விட்டுவிடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். படையில் சேர்வதா, நிறுவன வேலைக்குப் போவதா என்ற குழப்பத்தில் நீங்கள் இருப்பதாக ஊகித்து எழுதுகிறேன்.

நான் படையின் தகவல் தொடர்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எங்கள் சர்வர் ஒன்று நள்ளிரவுகளில் வெளியே தரவு அனுப்புவதை முதலில் கண்டவர், கணினியின் செயல்களைக் குறித்துவைக்கும் லாக் பதிவுகளை வரி வரியாகப் படிக்கும் பழக்கமுள்ள ஓர் இளநிலை வீரர். இயந்திரத்தை உடனே அணைத்து, அனைத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுமாறு மேலிருந்து உத்தரவு வந்தது. மின்சாரம் நின்றால் நினைவகத்தில் உள்ள தடயம் அழிந்துவிடும் என்பதால், இணைப்பை மட்டும் துண்டித்துவிட்டு முதலில் நகலெடுக்க வேண்டும் என்று அவர் எழுத்து மூலம் முறையிட்டார். உத்தரவை மீறாமல், அது மாறும் வரை விடாமல் வாதாடினார். தரவை வெளியே அனுப்பிய அதே மால்வேர் (தீங்கு செய்யும் மென்பொருள்) வேறு கணினிகளிலும் பதுங்கியிருந்தது அந்த நகலால்தான் தெரியவந்தது. இது கீழ்ப்படியாமைக்கு வக்காலத்து என்று சிலர் சொல்லக்கூடும். ராணுவத் தொழில்முறை என்று நான் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். ஆனால் அடுத்த இடமாற்றப் பட்டியலில் அவர் கிடங்குக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். பதவி உயர்வுக்குப் பரவலான அனுபவம் தேவையாம்! திறனை மழுங்கடிப்பது சீருடை அன்று, இந்த இடமாற்றக் கொள்கைதான்.

தனியார் துறையை நான் தாழ்த்திப் பேசவில்லை. 2007இல் சைபர் தாக்குதலுக்கு உள்ளான எஸ்டோனியா, நிறுவனங்களில் பணிபுரியும் நிபுணர்களைத் தன்னார்வலர்களாகக் கொண்டு ஒரு சைபர் பிரிவையே நடத்துகிறது. ஆயினும் பிற நாட்டு வலையமைப்பைத் தாக்கும் முடிவு, சட்டத்துக்குப் பதில் சொல்லும் கட்டளை அமைப்பிடமே இருக்க வேண்டும். 2017இல் உக்ரைனைக் குறிவைத்த நாட்பெட்யா என்ற மால்வேர் அங்கே நிற்காமல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் உலகளாவிய பணிகளையே முடக்கியது. ரஷ்ய ராணுவ உளவுத்துறையே அதற்குப் பொறுப்பு என்று அமெரிக்கா குற்றஞ்சாட்டியிருப்பதையும் மறைக்க விரும்பவில்லை. சீருடை மட்டும் கட்டுப்பாட்டைக் கொடுத்துவிடாது.

எனவே சேர்வதற்கு முன் ஒன்றைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள்: சைபர் பணியிலேயே நீடித்து உயர்பதவிக்குச் செல்ல அங்கே வழி உண்டா? ஜெர்மனி 2017இல் சைபர் பணிக்கெனத் தனிக் கட்டளையகம் அமைத்தது. சிங்கப்பூர் 2022இல் டிஜிட்டல், உளவுப் பணிகளுக்கென நான்காவது படையையே உருவாக்கியது. அத்தகைய ஏற்பாடு உங்கள் நாட்டில் இல்லையென்றால், நிறுவன வேலையை ஏற்றுக்கொண்டு, தன்னார்வப் பிரிவு ஏதேனும் இருந்தால் அதில் சேருங்கள்.