ஃபில்டரை எப்போது கழற்றுவது?

கேள்வி: 2019 டிசம்பர் 26 வளைய கிரகணத்தைப் புதுக்கோட்டையில் படமெடுத்தேன். 2027 ஆகஸ்ட் 2 முழு சூரிய கிரகணத்துக்கு எகிப்தின் லக்ஸர் போகிறோம். அதே சூரிய ஃபில்டர், 400 மி.மீ. லென்ஸ், டிரைபாட் போதுமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: சாமான் போதும், பழக்கம்தான் மாற வேண்டும். வளைய கிரகணத்தில் கடைசிவரை ஃபில்டரைத் தொடக்கூடாது. முழு மறைப்பில் கழற்றாவிட்டால் படம் வெறும் கறுப்பு. லக்ஸரில் அது சுமார் 6 நிமிடம் 20 விநாடி. சூரியன் மறையும் நொடியில் ஓர் ஒளிப்பொட்டு மின்னும் வைர மோதிரக் காட்சி வேண்டுமானால், முழு மறைப்புக்கு 15 விநாடி முன்பு லென்ஸில் மட்டும் ஃபில்டரை எடுங்கள். வியூஃபைண்டரில் கண் வேண்டாம், பின்திரையைப் பாருங்கள். கண்ணுக்கான கிரகணக் கண்ணாடியைக் கடைசி ஒளிப்பொட்டும் அணைந்த பிறகே இறக்கலாம். ஒளி மறுபடி எட்டிப் பார்த்ததும் இரண்டையும் மாட்டிவிடுங்கள். மரை போட்ட ஃபில்டர் அவசரத்தில் சிக்கும், திருகும்போது ஃபோகஸும் நகரும். தொப்பிபோலச் செருகும் வகை வாங்குங்கள்.

பலரும் மாட்டிக்கொள்ளப்போவது டிரைபாட்டில்தான். அங்கே சூரியன் 82 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல். டிரைபாட்டின் மேல் கேமராவைத் தாங்கும் ஹெட், கைப்பிடி வைத்ததாக இருந்தால் பெரும்பாலும் அவ்வளவு நிமிராது. நிமிர்ந்தாலும் கேமரா டிரைபாட் காலில் இடிக்கும். பால் ஹெட் (உருண்டைமேல் சுழலும் வகை) என்றால் அதன் பக்கவெட்டில் தண்டைச் சாய்த்து, எடை ஒரு காலுக்கு நேர்மேலே வரும்படி வையுங்கள், இல்லையேல் குடைசாயும். ஒத்திகைக்கு உங்கள் ஊரே வசதி. சித்திரை பிறந்த வாரம் பகல் 12:15 வாக்கில் காரைக்குடியில் சூரியன் உச்சியில் நிற்கும். வளவு முற்றத்தில் வெயில் நேராக இறங்கும்போது ஃபில்டர் மாட்டிச் சூரியனைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து பாருங்கள், கழுத்துவலியும் தெரிந்துவிடும்.

ஐஎஸ்ஓ 100, எஃப்/8 என்றால் சூரிய விளிம்பில் தெரியும் தீநாக்குகளுக்கு 1/1000 விநாடி. அங்கிருந்து நேரத்தை இரட்டிப்பாக ஏற்றிக்கொண்டே போனால் 1 விநாடியில் வெளிக் கொரோனா, அதாவது சூரியனைச் சுற்றிய ஒளிவட்டத்தின் வெளிப்பகுதி, விழும். ஆனால் 400 மி.மீ.யில் 1 விநாடிக்குள் பிம்பம் லேசாக இழுபடும். அதைவிட ஐஎஸ்ஓ 400, 1/4 விநாடி நல்லது. ஆகஸ்ட் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், ஃபோகஸ் நகரும். கேமராமேல் வெள்ளைத் துண்டு போட்டு வையுங்கள். மறைப்புக்குப் பத்து நிமிடம் முன்பு ஃபோகஸைச் சரிபார்த்து டேப் ஒட்டுங்கள்.

கேள்வி: ஊரிலிருக்கும் ஆச்சிக்கு அன்று ஏதாவது தெரியுமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: தெரியும், மாலையில், பகுதி கிரகணமாக. மேற்கே மறைப்பில்லாத மொட்டைமாடி வேண்டும். ஒரு கணம்கூடக் கண்ணாடியில்லாமல் பார்க்கக்கூடாது. 14-ஆம் எண் வெல்டிங் கண்ணாடி போதும். எக்ஸ்ரே ஃபிலிம் உதவாது.