ஐந்து தோட்டா குரூப்பை நம்பி ஒரு கேஸ் வாங்கலாமா?

கேள்வி: 50 மீட்டர் ப்ரோன் (படுத்த நிலையில்) சுடுகிறேன். .22 லாங் ரைஃபிள் மேட்ச் (போட்டித் தர) தோட்டாவில் எட்டு லாட்களின் (ஒரே தடவையில் தயாரான தொகுதிகளின்) மாதிரி கிடைத்தது. ரைஃபிளை ரெஸ்டில் (தாங்கியில்) வைத்து ஒவ்வொரு லாட்டிலும் 5 சுட்டு, துளைகளின் கூட்டத்தை, அதாவது குரூப்பை, அளந்தேன். ஒன்றின் அகலம் 9 மி.மீ., மோசமானது 17 மி.மீ. ஒன்பது வந்த லாட்டில் ஒரு கேஸ் (பல பெட்டிகள் அடங்கிய மொத்தப் பெட்டி) வாங்கிவிட்டேன். இப்போது நல்ல ஹோல்டில் (ரைஃபிள் அசையாத பிடியில்) விடும் ஷாட்கூட 9.8, 9.6 புள்ளி என்று போகிறது. வந்த சரக்கு வேறு லாட்டாக இருக்குமா? அடுத்த முறை எப்படிச் சோதிப்பது?

பதில்: பெட்டியில் அச்சிட்ட லாட் எண்ணும் மாதிரியின் எண்ணும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். ஒன்றாக இருந்தால் சரக்கின் மேல் பழி இல்லை. சோதனைதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது.

சென்டர்ஃபயர் (அடிப்பாகத்தின் நடுவில் பற்றவைக்கும் தோட்டா) ரைஃபிள்காரர்கள் தங்கள் குழலுக்கு ஏற்றபடி தோட்டாவைத் தாங்களே தயாரித்துக்கொள்ள முடியும். உங்கள் .22 போன்ற ரிம்ஃபயரில் அதற்கு வழி இல்லை. வெடிப்புக் கலவை தோட்டாக் கூட்டின் விளிம்புக்குள்ளேயே சுழற்றிப் பரப்பப்பட்டிருக்கிறது. ஃபயரிங் பின் (துப்பாக்கியின் அடிஊசி) அந்த விளிம்பை நசுக்கியதும் கூட்டின் ஆயுள் முடிந்தது. தொழிற்சாலை செய்து வைத்ததிலிருந்து பொறுக்கி எடுப்பது மட்டுமே நம் கையில் உள்ள வேலை. அதனால் லாட் தேர்வைப் பொறுமையாகச் செய்தாக வேண்டும்.

உங்கள் எண்களுக்கு வருவோம். எட்டு மாதிரியும் ஒரே லாட்டிலிருந்து வந்தவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த லாட்டின் 5 தோட்டா குரூப் சராசரியாக 13 மி.மீ. என்றால், எட்டு குரூப்பில் மிகச் சிறியது 9-க்கு அருகிலும் மிகப் பெரியது 17, 18-க்கு அருகிலும் வருவது வெகு சாதாரணம். நீங்கள் கண்ட வித்தியாசம் முழுவதும் தற்செயலாகவே இருக்கலாம். 5 தோட்டா குரூப்பின் அகலம் குரூப்புக்குக் குரூப் சராசரியிலிருந்து கால் பங்கு இப்படியோ அப்படியோ தள்ளாடும். எட்டில் சிறியதைப் பொறுக்கினால் நல்ல லாட்டைப் பொறுக்கியதாகாது, அதிர்ஷ்டமான குரூப்பைப் பொறுக்கியதாகும். அடுத்த பெட்டியில் அந்த அதிர்ஷ்டம் கூடவே வராது.

இன்னொரு கோளாறு அளவுகோலில் இருக்கிறது. குரூப்பின் அகலம் அதன் ஓரத்தில் கிடக்கும் இரண்டு துளைகளை மட்டுமே பார்க்கிறது. நடுவில் விழுந்த மற்றவை கணக்கில் வருவதே இல்லை. தோட்டா எண்ணிக்கை கூடினால் அகலமும் கூடும்: 5-ல் 13 மி.மீ. தரும் லாட் 10-ல் சராசரியாக 16 மி.மீ. தரும். ஆகவே 5-ல் எடுத்த அளவையும் 10-ல் எடுத்த அளவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. சராசரி ஆரத்தை எடுங்கள். எல்லாத் துளைகளின் கிடை, செங்குத்து ஆயங்களின் சராசரிதான் குரூப்பின் மையம். அங்கிருந்து ஒவ்வொரு துளைக்கும் உள்ள தூரத்தை அளந்து, அந்தத் தூரங்களின் சராசரியைக் கண்டால் அதுவே சராசரி ஆரம். எலக்ட்ரானிக் டார்கெட் ஆயங்களைத் தானே தரும். காகிதமானால் ஸ்கேன் செய்து அளக்கலாம்.

சராசரி ஆரம் நேராகப் புள்ளியாகவும் மாறும். ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பு) 50 மீட்டர் டார்கெட்டில் 10-வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ., குண்டின் விட்டம் 5.6 மி.மீ. துளையின் விளிம்பு வளையத்தைத் தொட்டாலே போதும் என்பதால், துளையின் மையம் டார்கெட் மையத்திலிருந்து 8 மி.மீ.-க்குள் இருந்தால் 10.0, ஒவ்வொரு 0.8 மி.மீ.-க்கும் 0.1 புள்ளி. உங்கள் 13 மி.மீ. சராசரி, ஏறக்குறைய 5.3 மி.மீ. சராசரி ஆரத்துக்குச் சமம். நீங்கள் துளியும் பிழையின்றிக் குறி வைத்தாலும் 60 ஷாட்டில் சுமார் 10 ஷாட் 9-க்குள் போய்விடும். இப்போது காணும் 9.8-க்கும் 9.6-க்கும் வேறு விளக்கம் தேவையில்லை. சராசரி ஆரம் 3.5 மி.மீ. உள்ள லாட்டில் அப்படிப் போவது 60-க்கு ஒன்றாகக் குறையும். ஹோல்டில் உங்கள் சொந்தச் சிதறலும் சேரும் என்பதால் முழு ஆதாயமும் ஸ்கோரில் தெரியாது. ஆனாலும் இது பயிற்சியால் ஈடுகட்டக்கூடிய இழப்பு அல்ல.

அடுத்த சோதனைக்கு ஒவ்வொரு லாட்டிலும் இரண்டு பெட்டி, அதாவது 100 தோட்டா, வாங்குங்கள். ஒன்று போதாது.

கூடியவரை உள்ளரங்கில் சுடுங்கள். .22 மேட்ச் குண்டை 1 மீ/வி பக்கக்காற்று 50 மீட்டரில் சுமார் 5 மி.மீ. தள்ளும், தேடுகிற வித்தியாசத்தைவிட அதுவே பெரிது. வலச்சுற்றுக் குழலில் (குண்டை வலப்புறமாகச் சுழற்றும் குழலில்) வலமிருந்து வரும் காற்று குண்டை இடப்பக்கம் மேலாகவும், இடமிருந்து வருவது வலப்பக்கம் கீழாகவும் தள்ளும். வெளியில் எடுத்த குரூப் இந்தத் திசையில் சாய்ந்து நீண்டிருந்தால் நீங்கள் அளந்தது காற்றை, லாட்டை அல்ல. போட்டி நடக்கும் வெப்பநிலையை ஒட்டியே சோதனையும் இருக்கட்டும்.

தொடங்குமுன் ஆக்‌ஷன் திருகுகளை (ரைஃபிளின் இயங்குபகுதியைக் கட்டையோடு இணைப்பவை) தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்குங்கள். சேம்பரின் (தோட்டா அமரும் அறையின்) முன்விளிம்பில் இறுகிய கரி வளையத்தையும் அதை மூடும் போல்ட்டின் முகப்பையும் சுத்தம் செய்யுங்கள். அதன்பின் சோதனை முடியும்வரை குழலைத் தொடவேண்டாம். ஈயக் குண்டின் மேலுள்ள மசகு குழலின் உட்சுவரில் படிந்து நிலைத்த பிறகுதான் குரூப் நிலைக்கும். பிராண்டுக்குப் பிராண்டு மசகு வேறு. அதனால் பிராண்ட் மாறும்போது முதல் 15, 20 தோட்டாவைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிடுங்கள்; ஒரே பிராண்டின் லாட் மாறும்போது 5 போதும். பலரும் தவிர்க்கும் படி இதுதான். ஒரு பிராண்டின் முதல் குரூப் கெட்டுப்போவதைப் பார்த்து நல்ல லாட்டை ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரு பிராண்டை முழுவதும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது இதனால்தான் நல்லது.

முதல் சுற்றில் லாட்டுக்கு 10 தோட்டா குரூப் இரண்டு. லாட்டுக்கு லாட் குரூப்பின் மையம் இடம் மாறும். சைட்டைத் திருப்பாதீர்கள், ஒவ்வொரு குரூப்பையும் அதன் சொந்த மையத்திலிருந்து அளந்தால் போதும். சராசரி ஆரத்தில் பின்தங்கிய ஐந்தைக் கழித்துவிட்டு மூன்றை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் சுற்றில் அந்த மூன்றுக்கும் 10 தோட்டா குரூப் நான்கு. முதல் நாளில் அ, ஆ, இ என்ற வரிசையில் சுட்டால் மறுநாள் இ, ஆ, அ. குழலின் நிலையும் உங்கள் களைப்பும் ஒரே லாட்டின் தலையில் விழாது.

முடிவை இரண்டாம் சுற்றின் 40 தோட்டாவை மட்டும் வைத்து எடுங்கள். முதல் சுற்றின் எண்களைச் சேர்க்க மனம் இழுக்கும்; சேர்க்கக் கூடாது. அந்த மூன்றும் முன்னேறியதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு, அது மறுபடி கணக்கில் ஏறிவிடும்.

40 தோட்டாவிலும் சராசரி ஆரம் சுமார் 8 சதவீதம் கூடக் குறைய இருக்கும். இரண்டு லாட்டுக்கு இடையே வித்தியாசம் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நம்பலாம். 3.5-ம் 3.7-ம் வந்தால் இரண்டும் சமம். எது அதிகம் கையிருப்பில் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள்.

எந்த ஷாட்டையும் 'ஃப்ளையர்' (குரூப்பை விட்டு விலகிப் போனது) என்று நீக்காதீர்கள். டார்கெட்டைப் பார்ப்பதற்கு முன்பே "இது என் தவறு" என்று சொன்ன ஷாட்டை மட்டும் நீக்கலாம். பார்த்த பிறகு நீக்கினால், நீங்கள் கண்டுபிடிக்க வேண்டிய லாட் குறையையே அழிக்கிறீர்கள். போட்டியில் அந்த ஷாட்டை யாரும் நீக்கித் தரமாட்டார்கள்.

குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் உதவும், ஆனால் தீர்ப்பு சொல்லாது. மேட்ச் தோட்டாவின் வேகம் ஏறத்தாழ 325 மீ/வி. ஒலியின் வேகத்தைத் தாண்டாமல் இருக்கவே அப்படி வைத்திருக்கிறார்கள். இந்த வேகத்தில் 1 மீ/வி மாறினால் 50 மீட்டரில் குண்டு சுமார் 0.8 மி.மீ. மேலோ கீழோ போகும். வேகத்தின் திட்ட விலக்கம் 3 மீ/வி என்றால் அது மட்டுமே 2.3 மி.மீ. செங்குத்து விலக்கத்தைத் தரலாம். ஆனால் குழல் மேல்நோக்கி அதிரும்போது மெதுவான குண்டு சற்றுத் தாமதமாக, சற்று உயர்ந்த கோணத்தில் வெளியேறி இந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டுவதும் உண்டு. உங்கள் குழலோடு அது எப்படிச் சேரும் என்பதை டார்கெட்தான் சொல்லும். குழலில் மாட்டும் வகைக் குரோனோகிராஃபைக் குரூப் எடுக்கும்போது கழற்றிவிடுங்கள்; அதன் எடையே அதிர்வை மாற்றும்.

40 தோட்டாவில் செங்குத்துத் திட்ட விலக்கம் கிடையைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் கவனியுங்கள். ஒரு லாட்டில் மட்டும் அப்படியென்றால் அந்த லாட்டின் வேகம் சீராக இல்லை. எல்லா லாட்டிலும் அப்படியென்றால் ரைஃபிளைப் பாருங்கள்: தளர்ந்த ஃபயரிங் பின் ஸ்பிரிங், போல்ட்டுக்குள் கெட்டியான எண்ணெய், சரியாக உட்காராத பெடிங் (ரைஃபிள் கட்டையில் அமரும் இடம்). இவற்றைச் சரிசெய்யாமல் எந்த லாட் வாங்கியும் பயனில்லை.

தோட்டாவை எடை போட்டுப் பிரிப்பது, விளிம்புத் தடிமன் அளப்பது ஆகியவற்றில் நேரத்தைச் செலவிட வேண்டாம். மொத்த எடையில் வெடிமருந்தின் பங்கு மிகச் சிறியது. கூடு, குண்டு ஆகியவற்றின் எடை வேறுபாட்டுக்குள் அது மறைந்துவிடும். தரையில் விழுந்த தோட்டாவைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். ஈயம் மென்மையானது, மசகில் ஒட்டிய மண் குழலுக்குள் போகும்.

ஏற்கனவே வாங்கிய கேஸை வீணாக்க வேண்டியதில்லை. அதிலிருந்தே 40 எடுத்துச் சராசரி ஆரத்தைக் குறித்துவையுங்கள். புதிய மாதிரிகள் வரும்போது ஒப்பிட அதுவே உங்கள் அடிப்படை அளவு. மிச்சத்தைப் பயிற்சிக்கு வையுங்கள்.