மூளை ஆராய்ச்சிக்காகப் பட்டறையை அடமானம் வைக்காதீர்கள்

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் மனைவியோடும் மகளோடும் என்னிடம் படிப்பு ஆலோசனைக்கு வந்திருந்தார். மகள் பிளஸ் டூ, உயிரியல் பிரிவு, நல்ல மதிப்பெண். டாக்டருக்குப் படிக்க விருப்பமில்லை, "மூளையைப் பத்திப் படிக்கணும்" என்கிறாள். நியூ ஜெர்சியில் இருக்கும் தாய்மாமன் ஒரே பிடியாக நிற்கிறார்: நியூரோசயின்ஸ் (மூளை, நரம்பு அறிவியல்) பட்டப்படிப்புக்கு இங்கேயே அனுப்பிவிடுங்கள், அப்புறம் பிஎச்.டி., அப்புறம் பேராசிரியர். பட்டறையை வைத்துக் கடன் வாங்க வங்கியில் விசாரித்தும் ஆகிவிட்டது. "தப்பு ஒண்ணும் இல்லையே சார்?" என்று கேட்டார் அப்பா.

இதே கேள்வியோடு வேறு குடும்பங்களும் வருவதால், அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். தப்பு இருக்கிறது ஐயா, பெரிய தப்பு. நான் ஆலோசனை சொல்ல உட்காருவதற்கு முன் மூளை ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். அந்தத் துறையை இன்னமும் நேசிக்கிறேன். அதனால்தான் தயங்காமல் சொல்கிறேன்.

முதலில் பணம். பெயர் சொன்னால் தெரிகிற அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 60,000 டாலர் சாதாரணம். சில தனியார் பல்கலைக்கழகங்கள் 90,000-ஐத் தாண்டிவிட்டன. குறைந்த கணக்கே நான்கு வருடத்துக்கு இரண்டு கோடி ரூபாய். அந்தப் பட்டத்துக்கென்று தனியாக ஒரு வேலை கிடையாது. பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்க அது ஒரு தகுதி, அவ்வளவுதான்.

"பிஎச்.டி.க்கு அவங்களே சம்பளம் கொடுப்பாங்க" என்றார் மாமன், போனில். கொடுப்பார்கள், சரி. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? அங்கே உயிரியல் ஆய்வுக்குப் பெரும் பணம் தருவது தேசிய சுகாதார நிறுவனம், சுருக்கமாக என்ஐஎச். பேராசிரியர் மாதக்கணக்கில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதுவார். தோராயமாக ஐந்தில் ஒன்றுக்குத்தான் பணம் கிடைக்கும். வழக்கமான சுருக்க விண்ணப்பத்தில் வருடத்துக்கு 2,50,000 டாலர்வரை கேட்கலாம். 1999-இல் வைத்த அந்த வரம்பு கால் நூற்றாண்டாக அசையவில்லை, ஆனால் எலியின் தீவனத்திலிருந்து மாணவரின் சம்பளம்வரை எல்லாம் ஏறிவிட்டது. இதில் மாமன் சொல்லாத ஒன்று: என்ஐஎச் மாணவர்களுக்கென்றே தரும் பயிற்சி உதவித்தொகைகளில் பெரும்பாலானவை குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும்தான். உங்கள் மகளின் சம்பளம் பெரும்பாலும் ஒரு பேராசிரியரின் ஒரு நிதியைப் பிடித்துக்கொண்டு தொங்கும்.

அந்த நிதி எவ்வளவு உறுதி என்று பாருங்கள். 2013-இல் ஒபாமா மூளை ஆய்வுக்கென்று தனித் திட்டமே அறிவித்தார். அதற்கு 2023-இல் 68 கோடி டாலர் இருந்தது, அடுத்த ஆண்டே 40.2 கோடி ஆனது. 2025 பிப்ரவரியில், பல்கலைக்கழகங்களின் நிர்வாகச் செலவுக்குச் சேர்த்துத் தரும் தொகையை 15 சதவீதத்துக்கு மேல் தரமாட்டோம் என்று என்ஐஎச் அறிவித்தது. நீதிமன்றம் தடுத்தது. ஆனால் அந்தக் குழப்பத்தில் மாணவர் சேர்க்கையைப் பல இடங்களில் குறைத்தார்கள். மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவக் கல்லூரி, ஏற்கெனவே இடம் கொடுத்த பிஎச்.டி. மாணவர்களிடமே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

பணத்தை விட்டுவிடுவோம். உள்ளே போனால் வேலை என்ன? மூளையைப் பற்றி யோசிப்பது என்று உங்கள் மகள் நினைக்கிறாள். கட்டுரை வெளியிடுவது என்று ஆய்வகத்தில் இருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மதியச் சாப்பாட்டில் நாங்கள் பேசியதெல்லாம், எந்த இதழுக்கு அனுப்பலாம், இதழுக்காகக் கட்டுரையைச் சரிபார்க்கும் விஞ்ஞானி இன்னும் என்ன பரிசோதனை கேட்டிருக்கிறார், அதற்குள் வேறு ஆய்வகம் முந்திக்கொள்ளுமா என்பதுதான். மக்கள் வரிப்பணத்தில் ஆய்வு நடக்கும். விஞ்ஞானிகள் சும்மா எழுதித் தருவார்கள், வேறு விஞ்ஞானிகள் சும்மா படித்துத் திருத்தித் தருவார்கள். எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட வேண்டுமென்றால் கடைசியில் ஆய்வகமே பதிப்பகத்துக்குப் பணம் கட்ட வேண்டும். முன்னணி அறிவியல் இதழான நேச்சர் 2021-இல் அதற்கு வைத்த விலை ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ.

இதைப் பொறுக்காமல் ஒருமுறை கலகமே நடந்தது. எல்செவியர் என்ற பெரிய பதிப்பகம் வெளியிடும் நியூரோஇமேஜ், மூளைப் படமெடுப்புத் துறையின் முக்கிய இதழ். கட்டுரைக்கு 3,450 டாலர் கட்டணம். குறையுங்கள் என்று கேட்டும் நடக்காததால் 2023 ஏப்ரலில் ஆசிரியர் குழுவில் இருந்த நாற்பதுக்கும் மேற்பட்டோர் மொத்தமாக விலகி, எம்ஐடி பதிப்பகத்தோடு சேர்ந்து இமேஜிங் நியூரோசயின்ஸ் என்று புதிய இதழ் தொடங்கினார்கள். எனக்கு அன்றைக்கு நிஜமாகவே சந்தோஷம். ஆனால் விலகியவர்கள் நிரந்தர வேலையில் இருந்த பெரியவர்கள். புதிய இதழுக்கு இம்பாக்ட் ஃபேக்டர், அதாவது அதன் கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற எண், வரச் சில வருடங்கள் ஆகும், வேலைக்கு ஆள் எடுக்கும் குழுக்களோ அந்த எண்ணைத்தான் பார்க்கின்றன. பிஎச்.டி. முடிக்கப்போகும் மாணவி எந்த தைரியத்தில் அங்கே அனுப்புவாள்?

இந்த அவசரம் அறிவியலையே கெடுக்கிறது. 2013-இல் வந்த ஓர் ஆய்வு, நரம்பியல் ஆய்வுகளில் பலவும் எவ்வளவு குறைவான ஆட்களையும் விலங்குகளையும் வைத்து நடக்கின்றன என்று காட்டியது. ஒரு விளைவு உண்மையிலேயே இருந்தாலும், அதைக் கண்டுபிடிக்க அந்த ஆய்வுகளுக்கு இருந்த வாய்ப்பு, நடுமதிப்பாக, நூற்றுக்கு 8 முதல் 31 வரைதான். அல்சைமர் நோயைப் பற்றி 2006-இல் நேச்சரில் வந்த புகழ்பெற்ற கட்டுரை ஒன்று, படங்களில் கைவைத்திருந்தது தெரியவந்து 2024-இல்தான் திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பதினெட்டு வருடங்களில் அதை நம்பிப் பிஎச்.டி. ஆய்வைத் தொடங்கிய பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். மனிதத் தலையிலிருந்து மின் அலைகளை முதலில் பதிவுசெய்த ஜெர்மானியர் ஹான்ஸ் பெர்கர், 1924-இல் பதிவு எடுத்துவிட்டு, சரிபார்த்துச் சரிபார்த்து 1929-இல்தான் வெளியிட்டார். இன்றைக்கு ஐந்து வருடம் வாயைத் திறக்காமல் இருந்தால் ஆய்வகத்தை மூடச் சொல்லிவிடுவார்கள்.

இந்தியாவில்? பிஎச்.டி. மாணவர்களுக்கு அரசு தரும் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதத்துக்கு 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. பல மாதம் தாமதமாக வருகிறது என்று மாணவர்கள் போராடுவது புதிதல்ல. பிஎச்.டி. ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் கட்டுரை வெளியிடுவது கட்டாயம் என்ற விதியைப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022-இல் நீக்கியது. ஆனாலும் ஆசிரியர் வேலைக்குப் போனால் கட்டுரைகளை எண்ணுகிறார்கள், காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் இதை நம்பித்தான் பிழைக்கின்றன. ஒரே நல்ல விஷயம், இங்கே குடும்பம் இரண்டு கோடி கட்ட வேண்டியதில்லை.

சரி, பெண்ணுக்கு என்ன பிடிக்கிறது? அதை யாருமே கேட்கவில்லை. தம்பிக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்து சேலத்தில் இ.இ.ஜி., அதாவது மூளையின் மின் அலைப் பதிவு, எடுத்தபோது இவளும் கூடப் போயிருக்கிறாள். தலையில் வயர் ஒட்டியது, அவன் கண் சிமிட்டினால் கோடு துள்ளியது, பதிவு எடுத்த அக்கா அவனை அழாமல் படுக்க வைத்தது என்று நிறுத்தாமல் சொன்னாள். பிஎச்.டி.யில் எதை ஆராய்வாய் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பதினேழு வயதில் இருக்க வேண்டியதும் இல்லை. ஆனால் முதல் பேச்சில் இருந்த ஆர்வத்தை நான் விட மாட்டேன்.

மருத்துவம், நர்சிங், என்ஜினீயரிங் பற்றி இங்கே பேசப்போவதில்லை, அதற்கு ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் துணை மருத்துவப் பட்டப்படிப்புகளில் பி.எஸ்சி. நியூரோ எலக்ட்ரோ பிசியாலஜி என்று ஒன்று உண்டு. கலந்தாய்வில் ரேடியாலஜி, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் என்று அடித்துப்பிடித்து எடுப்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நரம்பு, தசை, மூளை எழுப்பும் மின்சாரத்தை அளக்கும் படிப்பு இது. வகுப்பு, அதன்பின் மருத்துவமனைப் பயிற்சி.

வேலையைச் சொல்கிறேன். நோயாளி எண்ணெய் வைக்காமல் தலைக்குக் குளித்து வர வேண்டும். மூக்கின் வேர்க் குழியிலிருந்து பின்மண்டை மேடுவரை டேப் வைத்து அளந்து, பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று பிரித்துப் புள்ளி வைத்து, 21 மின்முனைகளைப் பசையால் ஒட்ட வேண்டும். சின்னக் குழந்தை உதறிக்கொண்டிருக்கும், அம்மா அழுதுகொண்டிருப்பார். வருவது வோல்ட்டின் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு மின்சாரம். பல்லைக் கடித்தால், இதயம் துடித்தால், பக்கத்துச் சுவரில் மின்கம்பி போனால் எல்லாம் உள்ளே கலந்துவிடும். எது மூளை, எது குப்பை என்று அந்த நிமிடத்திலேயே பிரிக்கத் தெரிய வேண்டும். மூன்று நிமிடம் வேகமாக மூச்சுவிடச் சொல்வார்கள். குழந்தை என்றால் கையில் காகிதக் காற்றாடி கொடுத்து ஊதச் சொல்வது வழக்கம். நொடிக்கு மூன்று முறை ஒரே சீராக முள்ளும் அலையுமாக வந்து, அதே நேரத்தில் குழந்தை ஊதுவதை நிறுத்தி வெறித்துப் பார்த்தால், அது ஒருவகை வலிப்பு; பள்ளியில் 'கவனமில்லாத பிள்ளை' என்று திட்டு வாங்கிக்கொண்டிருந்தது ஏன் என்று புரிந்துவிடும். நரம்பியல் மருத்துவர் பார்த்து மருந்து எழுதுவார். இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோருக்கு வலிப்பு நோய் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். வேலைக்குப் பஞ்சம் இல்லை.

இ.இ.ஜி.யோடு முடிவதில்லை. சர்க்கரை நோயாளியின் காலில் எரிச்சல் என்றால் நரம்பு எவ்வளவு வேகத்தில் சேதி கடத்துகிறது என்று அளக்க வேண்டும். தூக்க ஆய்வகம் இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது அறுவை அரங்கு: முதுகெலும்பு வளைவை நிமிர்த்தும்போது, மண்டையில் தூண்டுதல் கொடுத்து, கால் தசையில் அது போய்ச் சேர்கிறதா என்று திரையில் பார்த்துக்கொண்டே இருப்பார் ஒருவர். அலை சுருங்கினால் உடனே வாய் திறக்க வேண்டும், சர்ஜன் கையை நிறுத்துவார், திருகைத் தளர்த்துவார். நோயாளி எழுந்து நடப்பாரா என்பது அந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது.

குறைகளும் உண்டு. தொடக்கச் சம்பளம் உங்கள் பட்டறை வெல்டர் வாங்குவதைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். அறிக்கையில் கையெழுத்து டாக்டருடையது. சொந்தக்காரர்கள் 'டெக்னீஷியனா?' என்று உதட்டைப் பிதுக்குவார்கள், பிதுக்கட்டும். 2021-இல் வந்த மத்தியச் சட்டம் இந்தப் பணியைத் தனித் தொழிலாகப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மேலே படிக்க பெங்களூருவில் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸில் டிப்ளமோ உண்டு. 1995 முதல் வலிப்பு அறுவை செய்துவரும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்திலும் உண்டு. யார் சேரலாம் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள். அமெரிக்காதான் வேண்டும் என்றால் அங்கே அப்ரெட் என்ற அமைப்பு இதே வேலைக்குச் சான்றுத் தேர்வு நடத்துகிறது, மாமனிடம் சொல்லுங்கள்.

ஆராய்ச்சிக் கதவும் மூடிவிடாது. சென்னை ஐஐடியின் மூளை மையம் 2024 டிசம்பரில் கருவிலிருக்கும் குழந்தையின் மூளைக்கு 5,132 வெட்டுகள் கொண்ட முப்பரிமாண வரைபடம் வெளியிட்டது, யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அப்படிப்பட்ட இடங்களுக்குப் பேராசிரியர் மட்டும் போதாது, கை தேர்ந்தவர்களும் வேண்டும். இருபத்தொரு வயதில் அவளுக்கு ஒரு கேள்வி வந்து, அதற்காகப் பிஎச்.டி. செய்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் போகட்டும், நானே விண்ணப்பம் பார்த்துத் தருகிறேன். ஒரு நிபந்தனை: சம்பளம் யார் தருகிறார்கள், எத்தனை வருடத்துக்கு என்று கடிதத்தில் எழுதியிருக்க வேண்டும். ஆராய்ச்சிக்கு வீட்டிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது. இதில் நான் இறங்கிவரப் போவதில்லை.

கடன் விண்ணப்பத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள். சேலத்திலோ கோவையிலோ நரம்பியல் பிரிவில் அனுமதி வாங்கி மகளை ஒரு நாள் அந்த அறையில் உட்கார வையுங்கள். அவள் முகம் சுளித்தால் வேறு பார்ப்போம். பிடித்திருந்தால் கல்லூரி தேடும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். இ.இ.ஜி. அறைக்குப் போய் நாளைக்கு எத்தனை பதிவு எடுக்கிறீர்கள், நரம்பியல் மருத்துவர் தினமும் வருகிறாரா, மாணவர்கள் கையால் செய்கிறார்களா, பக்கத்தில் நின்று பார்க்கிறார்களா என்று கேளுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று பதிவு என்றால், கட்டணத்தில் சலுகை தந்தாலும் அந்தக் கல்லூரி வேண்டாம்.