குழுவில் மிக மெதுவாக நடப்பவர் விலகிக்கொள்ள வேண்டுமா?

“காஷ்மீர் பெரு ஏரிகள் மலைநடைக்குப் பணம் கட்டிவிட்டேன். பயிற்சி நடையில் எல்லோருக்கும் கடைசியாக நான்தான் வருகிறேன். மழையும் குளிரும் மாறி மாறி வரும் இடத்தில் என்னால் குழுவுக்கு ஆபத்து வருமென்றால், இப்போதே விலகிக்கொள்வது நல்லதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். விலக வேண்டாம் என்பது என் பதில்.

நீங்கள் நாற்பதைக் கடந்தவர் என்றும், குழுவில் யாரோ ஒருவர் உங்கள் காதில் விழும்படி ஏதோ சொல்லியிருக்கிறார் என்றும் ஊகிக்கிறேன். ஊகம் தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அதே பாதையில், ‘மெதுவாக நடப்பவள்’ என்ற அதே பெயரைச் சுமந்து நடந்தவள் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உடல் தகுதி இல்லாதவரையும் மெதுவாக நடப்பவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. தகுதி இல்லாதவர் போகக் கூடாது. மெதுவாக நடப்பவர் போகலாம். குழுதான் அவருக்கேற்ப நடக்க வேண்டும். இதை இரக்கத்தின் பெயரால் சொல்லவில்லை, அந்த மலையின் வானிலையை வைத்துச் சொல்கிறேன்.

சோனமார்க்கை அடுத்த சிட்காடியில் தொடங்கி, நிச்நாய் கணவாயைத் தாண்டி விஷன்சர், கிஷன்சர் ஏரிகளுக்குப் போய், காட்சர் கணவாய், சத்சர், ஜஜ் கணவாய் என்று ஏறி இறங்கி, ஹர்முக் சிகரத்தின் அடியிலுள்ள கங்காபல், நந்த்கோல் ஏரிகளைப் பார்த்துவிட்டு, பழைய கோயில்களின் இடிபாடுகள் நிற்கும் நாராநாக் கிராமத்தில் முடிகிற ஏறத்தாழ 70 கிலோமீட்டர் பாதை அது. கணவாய்கள் எல்லாம் 4,000 மீட்டரை ஒட்டியவை; அவற்றுள் உயரமான காட்சர் ஏறத்தாழ 4,200 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் அறுபது விழுக்காடுதான். சமவெளியில் வேகமாக ஓடுகிறவரும் அங்கே ஒவ்வோர் அடிக்கும் மூச்சைக் கணக்குப் பார்த்தே செலவிட வேண்டும்.

பீர் பஞ்சால் மலைத்தொடர் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால்தான் ஜூலையிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை அந்தப் பாதையில் நடக்க முடிகிறது. ஆனால் அந்தத் தடுப்பை முழுதாக நம்ப முடியாது. மேற்கிலிருந்து வரும் காற்றுக் குழப்பமும் பருவக்காற்றும் கைகோத்துக்கொண்ட 2014 செப்டம்பர் முதல் வாரத்தில், ஸ்ரீநகரே வெள்ளத்தில் மூழ்கியது. அப்படிப்பட்ட பெருமழை இல்லாத சாதாரண நாளிலும் காலையில் வானம் கண்ணாடிபோல் இருக்கும். வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, ஈரக்காற்று மேலெழுந்து, நண்பகலுக்குள் முகடுகளில் மேகம் கட்டிவிடும். பிறகு தூறலோ, ஆலங்கட்டியோ, இடியோ எது வேண்டுமானாலும் வரலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் வெப்பம் குறைகிறது. நனைந்த துணியும் காற்றும் சேர்ந்துகொண்டால் உடல் சூட்டை இழக்கும் வேகம் பன்மடங்காகிவிடும்.

இத்தகைய இடத்தில் குழு சிதறிப் போவதுதான் உண்மையான ஆபத்து. வேகமாக நடப்பவர் வியர்வையில் ஊறிய சட்டையுடன் கணவாயின் உச்சிக்குப் போய், காற்றுக்கு நேராக உட்கார்ந்து, பின்னால் வருகிறவர்களுக்காகக் காத்திருக்கிறார். மெதுவாக நடப்பவரோ, தன்னால் எல்லோரும் காத்திருக்கிறார்களே என்ற கூச்சத்தில் தன் மூச்சுக்கு மீறி ஏறுகிறார். வழிகாட்டி இருவருக்கும் நடுவில் எங்கோ நிற்கிறார். மேகம் இறங்கிப் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாமல் போனால், இந்த மூன்று கூட்டமும் மூன்று தனித்தனிக் குழுக்களாகிவிடும்.

எங்களுக்கு நிச்நாய் கணவாயில் நடந்தது இதுதான். முன்னால் போன இளைஞர்கள் உச்சியில் நெடுநேரம் காத்திருந்தார்கள். குளிர் காற்றில் அவர்கள் பட்ட துன்பம் உண்மையானது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் மேலே போய்ச் சேர்ந்த அந்தக் கணமே, “எல்லோரும் வந்தாயிற்று” என்று அவர்கள் எழுந்து இறங்கத் தொடங்கினார்கள். நன்றாக இளைப்பாறியவர்கள் புறப்பட, இளைப்பாறவே வழியில்லாத நான் அவர்களுக்குப் பின்னால் ஓட வேண்டியிருந்தது. குழுவில் கடைசியாக வருகிறவருக்கு ஓய்வு என்பதே கிடைப்பதில்லை என்பதை முன்னால் நடக்கிறவர்கள் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. அன்று இரவு, சாப்பாட்டுக் கூடாரத்தில், ஓர் இளைஞர் மிகவும் மரியாதையாகவே, “ஆன்ட்டி, காட்சர் ஏறும் அன்று மட்டும் நீங்கள் குதிரையில் வந்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது” என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் வழிகாட்டி கங்கன் பக்கத்துக் குஜ்ஜர் இனத்தவர். சிறுவயதில் அதே கணவாய்களின் வழியாக ஆடு ஓட்டிக்கொண்டு நடந்தவர். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே தேநீர் ஊற்றினார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விஷன்சரில் ஓய்வு. பகல் முழுவதும் மழை. அதற்கடுத்த நாள் விடியும் முன்பே எழுப்பி, வழக்கத்தைவிட முன்னதாகப் புறப்பட வேண்டும் என்றார். என்னை அழைத்துத் தனக்கு நேர் பின்னால் நிறுத்தினார். தன்னையும் என்னையும் தாண்டி யாரும் போகக் கூடாது, உதவியாளர் எல்லோருக்கும் கடைசியில் வருவார், எனக்கு எவ்வளவு வேகம் வருமோ அதுவே இன்றைக்குக் குழுவின் வேகம் என்று இந்தியில் இரண்டே வாக்கியங்களில் சொல்லி முடித்துவிட்டார். முணுமுணுப்பு எழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கிஷன்சர் ஏரிக்கு மேலே, சரிவை ஒட்டிப் போகும் ஒற்றையடிப் பாதையில், ஒரு பாதத்தின் நீளத்துக்கு மேல் அவர் அடி வைக்கவே இல்லை. ஓர் அடி, ஒரு மூச்சு. மறு அடி, மறு மூச்சு. முதலில் அது எனக்கே பொறுமையைச் சோதிப்பதாக இருந்தது. சிறிது நேரத்தில்தான் நாங்கள் ஒருமுறைகூட நீண்ட நேரம் உட்காரவில்லை என்பதும், யாருக்கும் சட்டை நனையும் அளவுக்கு வியர்க்கவில்லை என்பதும் புரிந்தது. இடையிடையே நின்று மூச்சு வாங்கி ஏறுகிற கூட்டத்தைவிட, நிற்காமல் மெதுவாக ஏறுகிற கூட்டம் பின்தங்கிவிடுவதில்லை.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பாதை மிகவும் குறுகும் இடத்தில், மேற்கிலிருந்து மேகம் வந்து மூடியது. தூறல் விழுந்தது, உடனே அது சிறு ஆலங்கட்டியாக மாறி முகத்தில் அறைந்தது. வழிகாட்டி குரல் கொடுத்தார்; கடைசியிலிருந்த உதவியாளர் பதில் குரல் கொடுத்தார். அந்த இரண்டு குரலுக்கும் நடுவில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். முகட்டில் ஒரு படம் எடுக்கக்கூட அவர் விடவில்லை. இடி கேட்கும்போது முகட்டில் நிற்கக் கூடாது என்று நேராக மறுபக்கம் இறக்கிவிட்டார். காற்று படாத ஒரு பாறை மறைவில்தான் நிறுத்தி எங்களை எண்ணினார்.

அப்போதுதான் எனக்கு அடுத்து நடந்து வந்த இளைஞரைப் பார்த்தேன். குதிரையில் வரச் சொன்னவர் அல்லர் இவர்; முதல் நாள் ஓடையைக் கடக்கும்போது எனக்குக் கை கொடுத்தவர், ஊரில் நெடுந்தூர ஓட்டப் போட்டிகளில் ஓடுகிறவர், குழுவிலேயே வலுவான உடம்புக்காரர். போன்ச்சோ என்னும் மழைப் போர்வையின் கழுத்து வழியாகத் தண்ணீர் இறங்கி, உள்ளே அணிந்திருந்த பருத்திச் சட்டை முழுவதும் நனைந்திருந்தது. பற்கள் அடித்துக்கொண்டன. கையுறையை மாட்ட முயன்று முடியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் சொன்னார். உடல் வெப்பம் குறையத் தொடங்கியதற்கான அடையாளங்கள் இவை என்று எனக்குத் தெரிந்திருந்ததால் வழிகாட்டியிடம் சொன்னேன். ஈரச் சட்டையைக் கழற்றி, உலர்ந்த கம்பளிச் சட்டை போட்டு, தலைக்குக் குல்லாய் மாட்டி, காற்று வரும் பக்கம் நாங்கள் நெருக்கமாக உட்கார்ந்துகொண்டு, சர்க்கரை அதிகம் போட்ட சூடான தேநீரும் என் பையிலிருந்த கடலை மிட்டாயும் கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் பேச்சு தெளிந்தது. நடந்தே முகாமுக்கு வந்தார். முந்தைய கணவாயில் போல அவர் தனியாக முன்னால் போய், முகட்டுக் காற்றில் எங்களுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

ஒரே ஒரு நிகழ்ச்சியை வைத்து விதி சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அன்று எங்களைப் பிடித்தது சிறிய ஆலங்கட்டி மழைதான். மரணத்தின் வாயிலிருந்து தப்பினோம் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தராகண்டின் சகஸ்திர தால் பாதையில், பெரும்பாலும் கர்நாடகத்தைச் சேர்ந்த 22 பேர் கொண்ட குழு பனிப்புயலில் சிக்கி, 9 பேர் உயிரிழந்தார்கள். அந்தக் குழுவைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. கோடையின் நடுவிலும், உள்ளூர் வழிகாட்டிகள் உடனிருந்தும், அந்த உயரத்தில் வானிலை என்ன செய்யக்கூடும் என்பதற்காக மட்டுமே இதைக் குறிப்பிடுகிறேன். வேகமாக நடப்பது குற்றம் என்றும் நான் சொல்லவில்லை. தனியாகப் போகிறவர் எப்படியும் போகட்டும். குழுவாகப் போவதென்று சேர்ந்தபின் குழுவாகவே நடக்க வேண்டும்.

மெதுவாக நடப்பவருக்கும் கடமைகள் உண்டு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். காற்று மெலிந்த உயரத்துக்கு அந்தக் கணக்கு போதாது. அதை ஒன்றரை மடங்காகவோ இரு மடங்காகவோ கூட்டி வைத்துக்கொண்டு, நண்பகலுக்கு முன் கணவாயைத் தாண்டும்படி உங்கள் புறப்படும் நேரத்தை முன்னே தள்ளுங்கள். படுக்கைப் பையைச் சுருட்டுவதிலும் தண்ணீர் நிரப்புவதிலும் தாமதிக்காதீர்கள். வழியில் இழக்கும் நேரத்தைவிட முகாமில் இழக்கும் நேரமே அதிகம். தலைவலியுடன் வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால் அது மெதுநடை அல்ல, உயரத்தால் வரும் நோய். மறைக்காமல் சொல்லி, கீழே இறங்கிவிட வேண்டும். விஷன்சரிலிருந்து திரும்ப நிச்நாய் ஒன்றை ஏறினால் போதும்; காட்சரையும் தாண்டிவிட்டால் திரும்பி வர இரண்டு கணவாய்களை ஏற வேண்டியிருக்கும். ஆகவே தொடர்வதா திரும்புவதா என்ற முடிவை விஷன்சரிலேயே, உங்கள் உடம்பை நேர்மையாகக் கேட்டு எடுத்துவிடுங்கள்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது; பல காலமாக மனத்தில் அழுத்திக்கொண்டிருப்பதால் பொறுத்தருள வேண்டும். யார் யாருக்குச் சுமை என்று நாம் விவாதிக்கிறோம். நம் சுமையைத் தூக்கி வருகிற குதிரைக்காரர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விஷன்சரில் மழை பெய்த அந்தப் பகல் முழுவதும் நாங்கள் இரட்டைத் துணிக் கூடாரத்தில் படுத்திருந்தோம். குதிரைக்காரர்கள் ஒரு பழைய தார்ப்பாயின் கீழ், ஈர விறகோடு போராடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் காலில் ரப்பர் செருப்பு. நாங்கள் கட்டிய பணத்தில் அவர்களுக்கு ஒரு நல்ல கூடாரம் வாங்க இடமிருந்தது என்பதே என் எண்ணம். அந்த ஏற்பாட்டாளர்களிடம் இதைக் கேட்டபோது, “அவர்களுக்குப் பழக்கம்” என்று பதில் வந்தது. குளிர் யாருக்கும் பழகிப் போவதில்லை, தாங்கிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். நீங்கள் பணம் கட்டிய இடத்திலும் இதைக் கேளுங்கள். பலர் கேட்டால் மாறும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது ஒரு தொலைபேசி அழைப்பு. ஏற்பாட்டாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: குழுவின் கடைசியில் பொறுப்பான ஒருவர் எப்போதும் நடப்பாரா, காட்சர் ஏறும் அன்று எத்தனை மணிக்குள் உச்சியை அடையாவிட்டால் திரும்புவார்கள், வழிகாட்டி உங்களை முன்னால் நிறுத்தி நடத்தச் சம்மதிப்பாரா. நேரான பதில் வந்தால் போங்கள். மழுப்பினால், கட்டிய பணத்தில் ஒரு பகுதி போனாலும் பரவாயில்லை என்று வேறு குழுவுக்கு மாறிக்கொள்ளுங்கள். பருத்தி உடைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு, உலர்ந்த மாற்று உடை ஒரு செட்டைத் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி, குதிரையில் ஏற்றாமல் உங்கள் தோள்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் அட்டையின் அசலையும் அதே பையில் வையுங்கள். வழியிலுள்ள இராணுவச் சாவடிகளில் அதைப் பார்த்துப் பதிந்துகொண்டபின்தான் மேலே அனுப்புவார்கள்.