பொம்மை வீரர்களுக்கு ஃபோம் போர்டில் ஒரு கிளைடர்

கேள்வி: என் மகனிடம் கை கால் மடங்கும் போர்வீரர் பொம்மைகள் பதினைந்து இருக்கின்றன. ஒவ்வொன்றும் மூன்றே முக்கால் அங்குல உயரம். இரண்டாம் உலகப் போர்க் கால கிளைடர் ஒன்றைச் சரியான அளவில் ஃபோம் போர்டில் செய்து, இவர்களை அதில் உட்கார வைக்க வேண்டுமாம். பறக்கவும் வேண்டுமாம். எந்த அளவில் செய்வது? என்ன பசை போடுவது? (பெரம்பூர் வாசகர்)

பதில்: பதினைந்து பேர் என்றால் அமெரிக்காவின் வாக்கோ சிஜி-4ஏ உங்களுக்காகவே செய்தது போல இருக்கிறது. இரண்டு விமானிகள், பதின்மூன்று வீரர்கள். 1943-ல் சிசிலியிலும் 1944-ல் நார்மண்டியிலும் இறங்கியது. 13,000-க்கும் மேல் தயாரித்தார்கள். எஞ்சின் கிடையாது, சி-47 விமானம் கயிற்றில் இழுத்துப் போய் விட்டுவிடும். பிரிட்டிஷ்காரர்களின் ஹோர்சாவும் பார்க்க அழகுதான், ஆனால் உடம்பு உருண்டை. வாக்கோவின் உடம்பு எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்திய பெட்டி. தட்டையான அட்டையை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டப் போகிறவர் பெட்டியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அளவுக் கணக்கு சுலபம். மூன்றே முக்கால் அங்குலம் என்பது 9.5 செ.மீ. அதை 18-ஆல் பெருக்கினால் 171 செ.மீ., ஓர் ஆளின் உயரம். ஆகவே 1/18. நிஜ வாக்கோவின் இறக்கை முனைக்கு முனை 25.5 மீட்டர், நீளம் 14.8 மீட்டர். உங்களுடையது 142 செ.மீ. இறக்கையும் 82 செ.மீ. நீளமுமாக வரும். பன்னிரண்டு அங்குல பொம்மைக்குக் கேட்டிருந்தால் அது 1/6. இறக்கை மட்டும் நாலேகால் மீட்டர் போகும். அதை ஹாலில் வைத்தால் வீட்டில் இருப்பவர்கள் வெளியேதான் நிற்க வேண்டும்.

இனிதான் வில்லங்கம். ஃபோம் போர்டு என்பது இரண்டு காகிதங்களுக்கு நடுவே நுரை வைத்த அட்டை, தடிமன் பொதுவாக 5 மி.மீ. 1/18 அளவில் அது 9 செ.மீ. தடித்த சுவருக்குச் சமம். நிஜ விமானத்தில் அந்த இடத்தில் இருந்தது துணி. இரண்டு பக்கச் சுவரும் சேர்ந்து உள்ளே ஒரு சென்டிமீட்டரை விழுங்கிவிடும், பொம்மையின் தோள்பட்டைக்கு அது பெரிய நஷ்டம். பக்கச் சுவருக்கு 3 மி.மீ. அட்டை கிடைத்தால் போடுங்கள். கிடைக்காவிட்டால் வெளி அளவை அப்படியே வைத்துக்கொண்டு, இருக்கைகள் வரும் இடத்தில் மட்டும் உள்பக்கக் காகிதத்தை உரித்து நுரையைக் கொஞ்சம் சுரண்டிவிடுங்கள்.

இருக்கையைப் பிளானைப் பார்த்து வெட்டவே வெட்டாதீர்கள். ஒரு பொம்மையை மேஜை விளிம்பில் உட்கார வைத்துப் பாருங்கள். இடுப்பு மூட்டு முழுசாக மடங்காது, உடம்பு பின்னால் சாயும், தொடை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். முதுகில் பை ஒட்டியிருந்தால் இன்னும் முன்னே தள்ளும். அந்த நிலையில் பின்பக்கத்திலிருந்து முட்டி வரை, தரையிலிருந்து தொப்பி வரை ஸ்கேலால் அளந்து அதன்படி பெஞ்சு செய்யுங்கள். கொஞ்சம் தாழ்வாகவே இருக்கட்டும், கூரையில் தலை இடிக்காது. வாக்கோவின் மூக்கு முழுவதும் கீல் போட்டு மேலே தூக்கும் அமைப்பு, ஜீப்பை ஏற்றுவதற்காக. அதைக் கட்டாயம் செய்யுங்கள். பையனின் கை உள்ளே போக அதுதான் வழி. வெளிக்காகிதத்தை வெட்டாமல் விட்டு மடக்கினால் அதுவே கீல், மேலே ஒரு டேப் போதும்.

பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் காகித, ஸ்டேஷனரி கடைகளில் விசாரியுங்கள். சன்போர்டு வேண்டாம், அது பிவிசி, கனம். இரு பக்கமும் காகிதம், நடுவே வெள்ளை நுரை, அதுதான் நமக்கு வேண்டியது. வெட்ட ஸ்டீல் ஸ்கேலும் கட்டரும். மேல் காகிதம், நுரை, அடிக் காகிதம் என்று மூன்று முறை இழுங்கள். ஒரே அழுத்தில் வெட்டப் போனால் நுரை பிய்ந்து பல்லிளிக்கும். பிளேடு மழுங்கியதும் நுனியை உடைத்துப் போடுங்கள், அதில் கஞ்சத்தனம் கூடாது.

பசைக்குச் சாதா வெள்ளை ஃபெவிகால், அவசர மூட்டுகளுக்கு ஹாட் குளூ. ஃபெவிக்விக், செருப்பு ஒட்டும் ரப்பர் பசை, ஸ்ப்ரே பெயின்ட் மூன்றும் நுரையைக் கரைத்துவிடும். வண்ணம் அக்ரிலிக், பிரஷ்ஷால். நம் ஊர் ஈரக்காற்றில் காகிதம் தண்ணீர் குடித்து அட்டை வளையும்; ஐப்பசி மழைக்கு முன்பே ஓரங்களை டேப் போட்டு மூடி, இரண்டு பக்கமும் பெயின்ட் அடித்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் அந்தப் பக்கமாகவே வளையும்.

இறக்கையை இரண்டு துண்டாகச் செய்து, உள்ளே மூங்கில் குச்சி ஓட விட்டு, உடம்பில் செருகிக் கழற்றும்படி வையுங்கள். இல்லையென்றால் பீரோ மேல்கூட வைக்க முடியாது.

சரி, பறக்குமா? பதினைந்து பேரோடு என்றால் ஆசைப்படாதீர்கள். சமையலறைத் தராசில் எல்லோரையும் ஒன்றாக நிறுத்துப் பாருங்கள், உங்களுக்கே புரியும். அத்தனை கனத்தையும் தாங்க அது வேகமாகப் போக வேண்டும். கையால் எறிந்து அந்த வேகம் வராது, வந்தாலும் இறங்கும்போது நொறுங்கும். விமானிகள் இருவரை மட்டும் ஏற்றுங்கள். வாக்கோவின் மூக்கு குட்டை, எப்படியும் முன்னால் கனம் வைத்தே ஆக வேண்டும், அந்த வேலையை இவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்கு தள்ளி இரண்டு பக்கமும் விரல் நுனியால் தாங்குங்கள். வால் தாழ்ந்தால் மூக்கில் பத்து ரூபாய் நாணயங்களை ஒட்டுங்கள், ஒன்று 7.7 கிராம்.

எலியட்ஸ் கடற்கரையில் விடிந்ததும் எறிந்து பாருங்கள், மணல் அடியை வாங்கிக்கொள்ளும். மதியம் கடற்காற்று கிளம்பிவிட்டால் வேண்டாம். எறிந்ததும் மூக்கைத் தூக்கி, நின்று, பொத்தென்று விழுந்தால் முன்னால் இன்னொரு நாணயம். நேராகத் தரையைக் குத்தினால் ஒன்றை எடுத்துவிடுங்கள். திரும்பும் வழியில் டிபன் சாப்பிட நின்றால் கிளைடரைப் பூட்டிய காருக்குள் விடாதீர்கள். கத்திரி வெயிலில் ஹாட் குளூ இளகி இறக்கை தனியாக வந்துவிடும்.