பம்ப் சாவி முதல் கடப்பாரை வரை: கதவுப் பூட்டு கேள்வி-பதில்

‘பம்ப் சாவி’யைச் செருகித் தட்டினால் பூட்டு திறந்துவிடுகிறதாமே, எல்லாப் பூட்டுமா? (மதுரை வாசகர்)

‘பம்ப்’ (bump) சாவி என்பது எல்லா வெட்டுகளையும் அடியாழம் வரை அறுத்த சாவி. ‘பின்’ (pin) எனும் சிறு உலோகக் குச்சிகள் உள்ள பின் பூட்டுகள்தான் இதில் மாட்டும். அவற்றின் சாவித்துளைக்கு மேலே ஐந்தாறு ஜோடிப் பின்கள், தலைக்கு ஒரு ஸ்பிரிங்குடன் நிற்கும். சரியான சாவி நுழைந்தால் ஒவ்வொரு ஜோடியும் பிரியும் இடம், சாவித்துளை உள்ள உருளையின் விளிம்புக்கு வரும், உருளை சுழலும். சாவியைத் தட்டும்போது, கேரம் போர்டில் ஒட்டி நிற்கும் காய்களில் முன்காய் நிற்கப் பின்காய் மட்டும் ஓடுவதுபோல, மேல் பின்கள் துள்ளிப் பிரியும். அந்தக் கண நேர இடைவெளி போதும். 1928-இலேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கப்பட்ட பழைய உத்தி இது. வழுவழுப்பாகச் செய்த நல்ல பின் பூட்டு, கரடுமுரடான மலிவுப் பூட்டைவிடச் சுலபமாக இதற்கு இணங்குவதும் உண்டு. விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

லீவர் பூட்டில் இது நடக்காது. அதன் உள்ளே உள்ள தட்டையான தகடுகள்தான் லீவர்கள். ஒவ்வொரு லீவரும் குறித்த உயரத்துக்கு எழ வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் பூட்டின் நாக்கு நகராது. திண்டுக்கல் பூட்டுகள் பெரும்பாலும் இந்த வகைதான். ஃபின்லாந்தில் 1907-இல் உருவான, வட்டத் தகடுகள் சுழலும் டிஸ்க் பூட்டில் துள்ளுவதற்கு ஸ்பிரிங்கே இல்லை.

உங்கள் சாவியைப் பாருங்கள். விளிம்பில் மலைமுகடு போன்ற வெட்டு இருந்தால் பின் பூட்டு. நீண்ட தண்டின் நுனியில் சதுரப் படிகள் இருந்தால் லீவர்.

பள்ளம் பள்ளமாக இருக்கும் ‘கம்ப்யூட்டர் சாவி’ பாதுகாப்பானதுதானே? (கோவை)

பெயரில் மட்டும்தான் கம்ப்யூட்டர். உள்ளே இருப்பதும் பின், ஸ்பிரிங்தான். அதற்கேற்ற பம்ப் சாவியும் உண்டு. பக்கவாட்டில் தனியாக ஒரு தடைக்கம்பியோ, சாவியிலேயே அசையும் உறுப்போ இருந்தால்தான் அது உண்மையில் வேறு வகை. ‘ஸ்பூல் பின் (இடுப்பு ஒடுங்கிய பின்) உள்ளது’ என்று விற்பவர் சொன்னால், அது கம்பி விட்டு நோண்டுபவருக்கான தடை. பம்பிங்குக்கு முழுத் தடை அல்ல.

இந்தச் சாவியோடு வரும் நீளமான சிலிண்டரில் (சாவித்துளை உள்ள, தனியாகக் கழற்றி மாற்றும் பகுதி) வேறொரு பலவீனம் இருக்கிறது. அதைப் பிடித்து வைப்பது நடுவில் ஒரே ஒரு திருகு. அந்தத் துளை இருக்கும் இடத்தில்தான் உலோகம் மிக மெல்லியது. கைப்பிடித் தகட்டைத் தாண்டி 3 மி.மீ.க்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், பிடித்து வளைத்து முறித்துவிடலாம். மாற்றும்போது திருகுத் துளையின் மையத்திலிருந்து இரு பக்கமும் தனித்தனியாக அளந்து கேளுங்கள். ‘60 கொடுங்கள்’ என்றால் கடைக்காரர் 30-30 கொடுப்பார். உங்கள் கதவுக்கு 25-35 தேவைப்படலாம்.

பூட்டு நல்ல கம்பெனி. கதவை உதைத்தால் தாங்குமா? (திருச்சி)

பூட்டு தாங்கும், நிலை தாங்குமா என்று பாருங்கள். நாக்கு நுழையும் தகட்டை ஆசாரி பெரும்பாலும் முக்கால் அங்குலத் திருகில் முடித்திருப்பார். அவற்றைக் கழற்றி, 3 மி.மீ. துளை போட்டு, 65 மி.மீ. திருகு ஏற்றுங்கள். துளை போடாமல் முறுக்கினால் தேக்கு பிளக்கும், வேங்கையில் திருகின் தலை அறுந்துவிடும். நுனியில் சோப்பு தடவினால் சுலபமாக ஏறும்.

அடுத்து நாக்கின் நீளம். கதவைத் திறந்து வைத்துப் பூட்டி அளந்தால் 20 மி.மீ.யாவது வெளியே வர வேண்டும். பிறகு கதவைச் சாத்திப் பூட்டுங்கள். சாவி இரண்டாவது சுற்று போகவில்லை என்றால் நிலையில் குடைந்த குழி ஆழம் போதாது, அல்லது உள்ளே மரத்தூளோ சிமென்ட்டோ அடைத்திருக்கிறது. பல வீடுகளில் பாதி நாக்குதான் பூட்டிக்கொண்டிருக்கிறது. கோடையில் மரம் சுருங்கி இடைவெளி கூடும்போது அதுவும் குறையும். கதவை இழுத்துச் சாத்தியதோடு போகிறவர்களுக்கு இன்னொன்று: சரிவான ஸ்பிரிங் நாக்கை மெல்லிய தகடே தள்ளிவிடும். சாவியைத் திருப்பியே ஆக வேண்டும்.

கொண்டியில் பெரிய தொங்கு பூட்டு போட்டால்? (தஞ்சாவூர்)

பூட்டை யாரும் தொட மாட்டார்கள், கொண்டியை நெம்புவார்கள். அதன் மரத் திருகுகளுக்குப் பதில், கதவின் மறுபக்கம் வரை ஊடுருவும் உருண்டைத் தலை போல்ட் போட்டு, உள்பக்கம் அகல வாஷரும் நட்டும் இறுக்குங்கள். வளையத்தில் கடப்பாரை நுழைய இடமே இல்லாத, தோள் மூடிய பூட்டு வாங்குங்கள். ‘ஹார்டண்டு’ (கடினமாக்கியது) என்று வளையத்தில் பொறித்திருக்க வேண்டும். அப்படி இருந்தாலும் மின் அறுப்பான் அதை அறுக்கும். ஆள் இல்லாத வீடு என்று தெருவுக்கே தொங்கு பூட்டு சொல்லிக்கொடுக்கும் என்பதால், வாசலில் உள்பூட்டையே நம்புங்கள்.

மாடிக் கதவு வெளிப்பக்கம் திறக்கிறது, கீல்களும் வெளியே. என்ன செய்யலாம்? (சேலம்)

கீலின் ஆணியைத் தட்டி எடுத்தால், பூட்டு பூட்டியபடியே இருக்க, கதவை அந்தப் பக்கமாக நெம்பிவிடலாம். ஒவ்வொரு கீலிலும் எதிரெதிரே உள்ள ஒரு ஜோடித் திருகைக் கழற்றுங்கள். நிலைப் பக்கத் துளையில் தலையில்லாத கம்பித் திருகை ஏற்றி, 10 மி.மீ. வெளியே விடுங்கள். கதவுப் பக்கத் துளையை அது தாராளமாக நுழையும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். இனி ஆணி போனாலும் கதவு நகராது.

டிஜிட்டல் பூட்டு? (சென்னை)

அவசரச் சாவித்துளை எங்கே என்று கேளுங்கள். பல மாடல்களில் விரல் ரேகைப் பலகைக்கு அடியில் சாதாரண பின் சிலிண்டர் ஒளிந்திருக்கும். முதல் கேள்வியின் பதில் அதற்கும் பொருந்தும்.

இறுகிய பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா? (நாகப்பட்டினம்)

வேண்டாம். தூசியோடு சேர்ந்து பிசினாகிப் பின்கள் மேலேயே ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய பூட்டு வேறு சாவிக்கும் திறந்துவிடலாம். கிராஃபைட் தூள் ஒரு சிட்டிகை ஊதி, சாவியைப் பத்து முறை போட்டு எடுங்கள்.